இடையில் வைத்த அட்டை

பன்னிரண்டு பேர் உட்காரும் பள்ளி வேனில் இருபத்தொரு பிள்ளைகளை ஏற்றி, அவர்களுடைய பைகளையும் தண்ணீர் பாட்டில்களையும் ஏற்றி, கதவையும் சாத்திக் காட்ட உங்களால் முடியுமா? பேக்கிங் அக்காவால் முடியும். முடிந்தது என்று சொல்வதுதான் சரி. ஆறு வருடம் தினமும் காலையில் அதைச் செய்துவந்தாள். அதில் அவளுக்குக் கொள்ளைப் பெருமை. அவள் கெட்டவள் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் போகப்போக உங்களுக்கு அவள்மேல் கோபம் வரும். எனக்கும் வந்தது. ஆனால் அவளுக்கு அவள்மேலேயே வந்த கோபத்துக்கு முன்னால் நம்முடையதெல்லாம் ஒன்றுமே இல்லை.

பேக்கிங் என்ற பட்டம் பழைய வேலையில் ஒட்டிக்கொண்டது. கண்ணாடி டம்ளர் செய்யும் கம்பெனியில் பதினோரு வருடம் பெட்டி கட்டினாள். பெரியதை முதலில் வை, சின்னதை இடுக்கில் வை, கண்ணாடியும் கண்ணாடியும் முட்டாமல் நடுவில் அட்டை செருகு. இவ்வளவுதான் தொழில். ஆனால் அதை அவள் செய்தால் பெட்டியைத் தலைகீழாகக் குலுக்கினாலும் உள்ளே சத்தம் வராது. அவள் கட்டிய பெட்டி உடைந்துபோய்த் திரும்பி வந்ததாக ஒரு நாள் கூடப் பேச்சில்லை. அந்த வேலையை மிஷின் பிடுங்கிக்கொண்டபோது அவளுக்கு வயது நாற்பது. ஒரு வாரம் அழுதாள். எட்டாம் நாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தெருக்கோடியில் குடியிருந்த டிரைவர் அண்ணனிடம் போய், "வண்டியில பிள்ளைங்கள ஏத்தி இறக்க ஆள் வேணும்னீங்களே, நான் வரட்டுமா?" என்று கேட்டாள்.

வேனுக்கு வந்த முதல் வாரமே கைவரிசையைக் காட்டிவிட்டாள். அதுவரை பதினாறு பிள்ளைகளை ஏற்றவே டிரைவர் அண்ணன் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அக்கா வந்து, பைகளையெல்லாம் கடைசி சீட்டுக்கு முன்னால் சுவர் மாதிரி அடுக்கினாள். பெரிய பிள்ளைகளைச் சீட்டில் உட்காரவைத்து, சின்னதுகளை அவர்கள் மடியில் தூக்கிவைத்தாள். இதற்கு மடி சீட்டு என்று பெயரும் வைத்தாள். மடி காலியாக இருந்தால் அவளுக்குப் பொறுக்காது. பெட்டியில் காலி இடம் தெரிந்தால் கை பரபரக்கும் அல்லவா, அந்தப் பரபரப்பு.

பிள்ளைகளின் பெயர் அவள் வாயில் நிற்காது. இருபத்தொரு பெயரை யார் நினைவில் வைப்பது? வீட்டை வைத்துக் கூப்பிடுவாள். மாடி வீடு, தண்ணித் தொட்டி, முட்டுச்சந்து, பச்சை கேட். பிள்ளைகளும் அப்படியே ஒருவரையொருவர் கூப்பிடப் பழகிவிட்டார்கள். "அக்கா, முட்டுச்சந்து என் பாட்டில்ல குடிக்குறான்!" என்று புகார் வரும். "குடிச்சா என்ன, கொறைஞ்சா போயிடும்?" என்று முன் கதவோரத்து மடக்கு சீட்டிலிருந்து திரும்பாமலே தீர்ப்பு சொல்வாள்.

ஆபீஸ் சார் அந்த வேனில் ஏற ஆரம்பித்தது சென்ற வருடம். பள்ளி அலுவலகத்தில் பதிவேடு எழுதுகிறவர். அவர் வழக்கமாகப் போகும் பஸ் வேறு பாதைக்கு மாறிவிட்டதால், தலைமையாசிரியை சொல்லி, வேனில் கடைசி சீட்டு மூலையில் அவருக்கு இடம் கொடுத்தார்கள். மனிதர் மரியாதைக்காரர். அதிர்ந்து பேசமாட்டார். சட்டை மடிப்புக் கலையாது. முதல் நாளே, நின்றுகொண்டு வந்த ஒரு வாண்டைப் பார்த்து, "பாவம், நிக்குதே. என் மடி சும்மாதானே இருக்கு, குடுங்கக்கா" என்றார். அக்காவுக்கு உச்சி குளிர்ந்துபோனது. படித்தவர், பெரிய மனுஷர், தன்னைப் போய் அக்கா என்கிறார், மடியும் கொடுக்கிறார். அன்றிலிருந்து அந்த மடியும் அவள் கணக்கில் சேர்ந்துகொண்டது.

இந்த வருடம் அந்த மடிக்கு வந்த பிள்ளை பச்சை கேட். ஒன்றாம் வகுப்பு, ஆறு வயது. கையில் பிடித்தால் காற்று மாதிரி இருக்கும். அக்காவின் தொழில் கண்ணுக்கு அவள் நல்ல உருப்படி, எந்த இடுக்கிலும் அடங்குவாள். முதல் இரண்டு வாரம் பேசாமல் உட்கார்ந்து வந்தாள். மூன்றாம் வாரம் ஒரு நாள், தூக்கப்போன அக்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு காதோரம் சொன்னாள்.

"அக்கா, எனக்கு அந்த மடி வேணாம்."

இந்த இடத்தில் அக்கா என்ன செய்திருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். வீட்டில் உட்கார்ந்து கதை கேட்கிறவர்களுக்கு எல்லாம் தெரியும். அந்த வீட்டுக்குப் பிறகு இன்னும் ஏழு ஸ்டாப் இருந்தது. டிரைவர் அண்ணன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். அவள் வேன் முழுக்கக் கேட்கிற மாதிரி, "மடியில என்னடி நல்ல மடி, கெட்ட மடி? மகாராணிக்கு மெத்தை போட்டுத் தரணுமா?" என்றாள். வேனே சிரித்தது. ஆபீஸ் சாரும் சிரித்தார். பச்சை கேட்டை மகாராணி என்று நாலு நாள் எல்லோரும் கேலி செய்தார்கள். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை யாருடைய காதிலும் எதுவும் சொல்லவில்லை.

அதன் பிறகுதான் அட்டை வந்தது. பரீட்சைக்குத் தாளை வைத்து எழுதுவோமே, மேலே கிளிப் போட்ட அந்த அட்டை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எந்தப் பரீட்சை? தினமும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள். மடியில் உட்காரும்போது அதை அடியில் போட்டுக்கொள்வாள். வண்டி கிளம்பியதும் அது நழுவாதபடி ஓரத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். இரண்டாம் நாள் ஆபீஸ் சார், "அட்டை முனை குத்துதுக்கா" என்று மெல்லிய குரலில் சொன்னார். அக்காவுக்கு மானம் போன மாதிரி ஆகிவிட்டது. மடி கொடுக்கிற மனுஷரைக் குத்துவதா?

"கொண்டா இங்க. சாருக்கு ஸாரி சொல்லு."

பிள்ளை சொல்லவில்லை.

"சொல்றியா இல்ல உங்கம்மாகிட்ட சொல்லவா?"

"ஸாரி சார்."

அக்கா அட்டையைப் பிடுங்கித் தன் சீட்டுக்கு அடியில் போட்டாள். பள்ளி வாசலில் திருப்பிக் கொடுத்தாள். மறுநாளும் அட்டை வந்தது, மறுநாளும் பிடுங்கினாள். பத்துப் பன்னிரண்டு நாள் இது தினப்படி வழக்கமாகவே ஆகிவிட்டது. "புடிச்ச புடியில நிக்குது பாருங்கண்ணே, இந்த வயசுலயே" என்று டிரைவர் அண்ணனிடம் அலுத்துக்கொண்டாள்.

ஒரு திங்கட்கிழமை, பச்சை கேட் தன் வீட்டு கேட்டையே பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்றாள். சத்தம் போடவில்லை, அழவில்லை, கம்பியை மட்டும் விடவில்லை. அவள் அம்மா மருந்துக்கடையில் வேலை செய்கிறவள், ஒரு கையில் செருப்பு, ஒரு கையில் சாவி. "லீவு முடிஞ்சு வந்தா இப்படித்தான் அடம், கொஞ்சம் பாருங்கக்கா" என்றாள். அக்கா பார்த்தாள். கம்பியிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். ஐந்து விரலையும் பிரித்துத் தூக்கிக்கொண்டு போய், பைச் சுவரைத் தாண்டி, அந்த மடியில் வைத்தாள். அட்டையைக் கையோடு வாங்கிக்கொண்டாள்.

வண்டி கிளம்பியது. அன்றைக்கென்று முட்டுச்சந்து வாந்தி எடுத்தான். துடைக்கத் துணி எடுக்க அக்கா பின்பக்கம் வந்து, பைச் சுவரில் இரண்டு பையை நகர்த்தினாள். அந்த இடைவெளியில் பச்சை கேட்டைப் பார்த்தாள். பிள்ளை தன் இரண்டு கைகளையும் தனக்குக் கீழே கொடுத்து, உள்ளங்கையை விரித்து, அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். அட்டை இல்லாததால் கையை வைத்திருந்தாள். முகம் ஜன்னல் பக்கம். முகத்தில் ஒன்றுமே இல்லை. ஆபீஸ் சார் ஒரு கையை விலக்கிப் பைமேல் வைத்துக்கொண்டு, "ரொம்ப வாந்தியாக்கா?" என்று விசாரித்தார்.

அக்கா துணியோடு அப்படியே நின்றாள். கண்ணாடிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் அட்டை வைப்பது ஏன் என்று இந்த உலகத்தில் யாருக்குத் தெரிய வேண்டுமோ, அவளுக்குப் பன்னிரண்டு நாள் தெரியவில்லை. பதினோரு வருடம் அதையேதான் செய்தாள். ஆறு வயதுப் பிள்ளை அதைச் செய்தபோது பிடுங்கிப் போட்டுவிட்டு ஸாரியும் சொல்லவைத்தாள்.

"இங்க வா கண்ணு" என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முன்பக்கம் வந்தாள். மெதுவாகக் கேட்டாள். "அட்டை எதுக்குடா கொண்டாந்த?"

"நடுவுல வைக்க."

அதற்கு மேல் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்ற பயம்.

சரி, அன்றைக்கே அவள் பள்ளிக்குள் ஓடிப்போய்ச் சொல்லியிருப்பாள் என்று நினைக்கிறீர்கள். அப்படி இருந்திருந்தால் இந்தக் கதையை நான் இவ்வளவு வெட்கத்தோடு சொல்லவேண்டியதில்லை. அவள் சொல்லவில்லை. சொன்னால் முதல் கேள்வி என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும். மடியில் வைத்தது யார்? அந்தக் கேள்விக்குப் பயந்து, வீட்டில் கணவரிடம் மட்டும் பட்டும் படாமல் சொன்னாள். அவர் சைக்கிள் கடைக்காரர், நாள் முழுக்க டியூப் ஒட்டிவிட்டு வந்தவர். "இடத்த மாத்திட்டல்ல? அதோட விடு. உன் கண்ணால ஒண்ணும் பாக்கலயே" என்றார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவள் எதைக் கேட்கப் போனாளோ அதைத்தான் அவர் சொன்னார்.

மறுநாள் பச்சை கேட்டைத் தன் மடக்கு சீட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஒரு பிள்ளை முன்னால் வந்தால் இன்னொன்று பின்னால் போகவேண்டும். மூலையில் மடி காலியாக இருக்கிறது. பழகிய கை. மாடி வீட்டைத் தூக்கிப் பின்பக்கம் கொடுத்தாள். ஐந்து வயது, துறுதுறு என்று இருப்பான். ஆண் பிள்ளைதானே, அவனுக்கென்ன என்று மனசுக்குள் சமாதானம் வேறு. ஆண் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்று அவளுக்கு யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை, காற்றில் கிடந்ததை எடுத்துக்கொண்டாள். இரண்டு நாள் அவன் அங்கே உட்கார்ந்து வந்தான். அந்த இரண்டு நாளும் அவள் ஒரு தடவை கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள், வியாழக்கிழமை, மாடி வீட்டைத் தூக்கக் கையை நீட்டினாள். அவன் வழக்கமாக ஓடி வந்து தொற்றிக்கொள்கிறவன், அன்று இரண்டடி தள்ளியே நின்றான்.

"அக்கா, அட்டை குடுங்க."

"எந்த அட்டைடா?"

"பச்சை கேட் அட்டை. அவதான் சொன்னா, அத வச்சுக்கிட்டா பரவால்லன்னு."

வேனுக்குள் பச்சை கேட் அதற்குள் தன் அட்டையை எடுத்து அவன் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தாள். ஆறு வயது ஐந்து வயதுக்கு உதவி செய்கிறது. நாற்பத்தாறு வயது கையை நீட்டியபடி நின்றுகொண்டிருக்கிறது. அந்த நிமிஷத்தை அவள் பின்னால் என்னிடம் சொன்னபோது, "பூமி பொளந்து உள்ள போயிடணும் போல இருந்துச்சு, ஆனா பொளக்கல. வண்டியும் நின்னுட்டுதான் இருந்துச்சு, ஹாரனும் அடிச்சுட்டுதான் இருந்துச்சு" என்றாள்.

அவள் மாடி வீட்டைத் தூக்கவில்லை. வேனின் பின் கதவைத் திறந்தாள்.

"சார், எறங்குங்க."

"என்னக்கா, ஸ்கூல் வரலியே?"

"எறங்குங்க சார்."

"என்ன விஷயம்னு சொல்லாம..." என்று அவர் குரலை உயர்த்தாமல் ஆரம்பித்தார். ஆறு வருடத்தில் அவள் அந்த வேனில் பெரியவர் ஒருவரை எதிர்த்துப் பேசியதில்லை. "எறங்கலன்னா தெருவக் கூட்டுவேன்" என்றாள். அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. அவர் இறங்கினார். சட்டை மடிப்பைச் சரி செய்துகொண்டு, "உன் வேலை போயிடும்" என்றார். அவர் வாயிலிருந்து அக்கா என்ற சொல் போய்விட்டிருந்தது.

பள்ளி வந்ததும் அக்கா நேராகத் தலைமையாசிரியையிடம் போனாள். அவர் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார். நல்ல பெண்மணிதான், ஆனால் நெற்றியில் வியர்வை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "போலீசுக்குச் சொல்லியாகணும், சட்டம் அப்படி, நான் மறைக்க மாட்டேன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா மடியில உக்கார வச்சதே நீங்கன்னு எழுதாதீங்கம்மா. தெரியாம நடந்துச்சுன்னு பொதுவா எழுதுங்க. உங்களுக்கும் நல்லது, நமக்கும் நல்லது" என்றார்.

தப்பிக்க ஒரு கதவு திறந்து கிடந்தது. அக்கா அந்தக் கதவைப் பார்க்காமல் இல்லை. அதில் நுழைந்தால் யாரும் அவளை ஒரு வார்த்தை சொல்லமாட்டார்கள். ஆனால் தெரியாமல் என்ற சொல்லை எழுத அவள் கை வரவில்லை. முதல் ஐந்து வாரம் தெரியாது, சரி. கடைசி இரண்டு நாள்? அவளுக்கு எழுத்து அவ்வளவாக ஓடாது. எழுத்துக் கூட்டி, அரை மணி நேரம் எடுத்து எழுதினாள். பிள்ளை வேணாம் என்று சொன்னது. நான் கேலி செய்தேன். அட்டை வைத்தது. நான் பிடுங்கினேன். பிறகு தெரிந்தும் இன்னொரு பிள்ளையை அங்கே வைத்தேன். கீழே கையெழுத்துப் போட்டாள்.

சாயங்காலம் பச்சை கேட் வீட்டுக்குப் போனாள். பள்ளியிலிருந்து ஏற்கனவே போன் வந்திருந்தது. பிள்ளையின் அம்மா கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றாள், திறக்கவில்லை. கண் சிவந்திருந்தது.

"எத்தனை நாளாக்கா?"

"அஞ்சு வாரம் இருக்கும்மா."

"அவன் மடியில யாரு உக்கார வச்சது?"

"நாந்தான்."

"அவ வேணாம்னு சொல்லலியா?"

"சொன்னா. நான் சிரிச்சேன்."

அந்த அம்மா கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "தினம் எதுக்குடி அட்டைன்னு நானும் கேட்டேன். மிஸ் கேக்குறாங்கன்னா. அதோட விட்டுட்டேன்" என்றாள். அக்கா வாயைத் திறந்தாள். "நீங்க பேசாதீங்க" என்றாள் அந்த அம்மா. "நானும் விட்டுட்டேன்தான். ஆனா நீங்க பேசாதீங்க." உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அக்கா அந்தக் கேட்டின் முன்னால் நின்றாள். திங்கட்கிழமை அவள் விரல் பிரித்த கம்பி அவள் கண்ணுக்கு நேராக இருந்தது. தெருவில் போகிறவர்கள் பார்த்தார்கள். தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்கு நடந்தாள். மாடி வீட்டுக்கும் அதேபோல் போனாள். அங்கே அவன் அப்பா திட்டிய திட்டை இங்கே எழுதமுடியாது. அவள் ஒரு வார்த்தைக்கும் மறுப்பு சொல்லவில்லை.

ஆபீஸ் சார்மேல் வழக்கு பதிவானது. இன்னும் நடக்கிறது. அக்கா இரண்டு தடவை போய்ச் சாட்சி சொன்னாள். "நீதானே வச்ச?" என்று அங்கேயும் கேட்டார்கள். "ஆமாங்க" என்று அங்கேயும் சொன்னாள். பள்ளிக்கு ஓர் ஆலோசகர் அம்மா வந்து பிள்ளைகளோடு பேசினார். உன் உடம்பு உன்னுடையது, பெரியவர் ஆனாலும் வேண்டாம் என்று சொல்லலாம், ஒருவர் கேட்கவில்லை என்றால் கேட்கிற ஆள் கிடைக்கும்வரை அடுத்தவரிடம் சொல்லிக்கொண்டே இரு என்று. ஒருவர் கேட்கவில்லை என்றால் என்ற இடத்தில், வாசலில் நின்ற அக்கா மெல்ல வெளியே போய்விட்டாள்.

வேலை போகவில்லை. போயிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். இப்போது வேன் இரண்டு நடை போகிறது, நடைக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் இல்லை. ஆளுக்கொரு சீட்டு. பெரியவர் யாரும் ஏறக்கூடாது, யார் மடியிலும் யாரும் உட்காரக்கூடாது. பைகள் சீட்டுக்கு அடியில், சுவர் கிடையாது, முன்னால் உட்கார்ந்தால் கடைசி வரிசை வரை தெரிய வேண்டும். எல்லாம் அவள் கேட்டு வாங்கிய விதிகள். டிரைவர் அண்ணன், "பெட்ரோல் ரெண்டு மடங்கு குடிக்குது, வண்டி காத்தாடுது" என்று முணுமுணுப்பார். "காத்தாடட்டும்ணே" என்பாள். படியில் ஏற முடியாத வாண்டு வந்தால், "அக்கா தூக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு நிற்பாள். தலை ஆடினால்தான் கையை நீட்டுவாள். பிள்ளைகளின் பெயர்களையும் மனப்பாடம் செய்துகொண்டாள், இருபத்தொன்றையும்.

பச்சை கேட் ஒரு மாதம் கழித்துத்தான் வேனுக்குத் திரும்பினாள். அதுவரை அவள் அப்பா கொண்டுவந்து விட்டார். அவள் வந்த காலையில் அக்கா கேட்டுக்கு இரண்டடி தள்ளியே நின்றாள். கேட் திறந்தது. அம்மா அக்காவின் முகத்தைப் பார்க்காமல் பிள்ளையின் பையை மட்டும் நீட்டினாள். பிள்ளை தானாகவே படியேறினாள். எந்த சீட் வேண்டும் என்று அக்கா கேட்டாள். கதவோரத்தில், டிரைவர் அண்ணனுக்குப் பின்னால், எல்லோரும் பார்க்கிற இடத்தைக் காட்டினாள். அது அக்காவின் மடக்கு சீட்டுக்கு அடுத்த சீட். அக்காவுக்கு ஒரு நிமிஷம் மனசு குளிர்ந்தது, என் பக்கத்தில்தான் உட்காருகிறது என்று.

பிள்ளை உட்கார்ந்தாள். பையைத் திறந்து அட்டையை எடுத்தாள். தன் சீட்டுக்கும் அக்காவின் சீட்டுக்கும் நடுவில் அதை நிமிர்த்தி வைத்தாள்.

அக்கா முழங்கையை உள்ளே இழுத்துக்கொண்டாள். தண்ணித் தொட்டி திருப்பத்தில் வண்டி சடாரென்று நின்றதில் அட்டை சரிந்து அவள் காலடியில் விழுந்தது. பிள்ளை உடனே நிமிர்ந்து அவள் கையைத்தான் பார்த்தாள், அவள் முகத்தை இல்லை. அக்கா குனிந்து எடுத்தாள். தன் புடவைத் தலைப்பால் தூசியைத் துடைத்து, எட்ட இருந்தே நீட்டினாள்.

பிள்ளை வாங்கிக்கொண்டாள். திரும்பவும் நடுவில் வைத்து, இந்தத் தடவை சரியாதபடி ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். பள்ளி வரும்வரை அக்கா அந்தப் பக்கம் அசையாமல் உட்கார்ந்து வந்தாள்.